நாற்பத்திரண்டாம் நாள்

கார்த்திகைத் திங்கள் முதல் நாள் விடியற்காலையில் ஒக்கலிபுரத்துச் சந்துகளில் நடந்து பார்த்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டிருப்பார்கள். முந்தின நாள் மாலை வரையில் மதுக்கடை வாயிலில் நின்றிருந்த அதே மனிதர்கள், இன்று குளிர்ந்த நீரில் தலை முழுகி, கறுப்பு வேட்டி உடுத்து, கழுத்தில் துளசி மாலையுடன் கோயில் வாயிலில் நிற்பார்கள். நேற்று வரையில் பெயர் சொல்லியும் வசை சொல்லியும் அழைத்த தெரு, இன்று அவர்களைச் 'சாமி' என்று அழைக்கும். பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்துக்கு அருகே, தமிழர்கள் நெருங்கி வாழும் இப்பகுதியில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. 41 நாள் ஒரு சொட்டு மதுவும் அவர்கள் நாவில் படாது. சபரிமலைக்குச் சென்று திரும்பி, மாலையைக் கழற்றிய பின்னர் அவர்களில் பலர் பழைய இடத்துக்கே போய்ச் சேருவார்கள்.

"41 நாள் நிறுத்த முடிந்தவனால் 42ஆம் நாள் ஏன் நிறுத்த முடியவில்லை? எல்லாம் கொழுப்பு!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உயிர்வேதியியல் பயிலும் மாணவனாகிய நானும் சென்ற ஆண்டு வரையில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்குக் கற்பித்தது வகுப்பறை அன்று. என் வீட்டில் கழிந்த ஓர் இரவு.

மூச்சுப் பயிற்சி, தியானம், விரதம், பக்தி ஆகியவை குடிநோய்க்கு மருந்தாகுமா? ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோரும் நம்மிடையே உண்டு. எல்லாம் மனப்பிரமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோரும் உண்டு. இரு சாராரும் சற்றுப் பொறுத்துக்கொண்டால், இதுவரை அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன என்பதை இக்கட்டுரையில் எடுத்துக் கூற விரும்புகிறேன்.

சாமி வந்த இரவு

ஒக்கலிபுரத்தில் என் தாய்மாமன் வீட்டில் தங்கித்தான் நான் படிக்கிறேன். மாமா தருமபுரிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே இங்கு வந்தவர். கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் பெயிண்டர். சாரத்தின் மேல் நின்றுகொண்டு அவர் இழுக்கும் கோடு நூல் பிடித்தது போல் இருக்கும். ஆனால் சில ஆண்டுகளாக அந்தக் கை காலையில் நடுங்கத் தொடங்கியிருந்தது. ஒரு பாக்கெட் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். நடுக்கம் நின்றால்தான் பிரஷ் பிடிக்க முடியும். "வேலைக்காகத்தான் குடிக்கிறேன்" என்பார். அது பொய்யன்று என்பதை அப்போது நான் அறியேன்.

சென்ற ஆண்டுக் கார்த்திகையிலும் வழக்கம்போல் மாலை போட்டார். முதல் நாளே கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, உறக்கம் வரவில்லை. குளிர்ந்த நீரில் குளித்ததனால் வந்த சுரம் என்று அத்தை சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் மாலை, பஜனையின் நடுவே, மாமாவின் உடல் விறைத்தது. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகின. கூடியிருந்தோர் "சாமி வந்துவிட்டது!" என்றனர். கற்பூரம் ஏற்றினர், திருநீறு இட்டனர், சரண கோஷம் வானைப் பிளந்தது. நானும் கைகூப்பி நின்றேன். இதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் இரவு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று மாமா சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார். எறும்பு ஒன்றும் இல்லை. இறந்துபோன என் பாட்டியுடன் பேசினார். என்னைப் பார்த்து "யார் நீ?" என்றார். அப்போதுதான் எனக்கு அச்சம் பிறந்தது. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

பணியில் இருந்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "கடைசியாக எப்போது குடித்தார்?"

அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "மாலை போட்டு மூணு நாளாச்சுங்க. ஒரு சொட்டு தொடலைங்க, சத்தியமா!" என்றார். அதைப் பெருமையோடு சொன்னார். மருத்துவரோ உடனே செவிலியரைக் கூப்பிட்டு ஊசிமருந்து கொண்டுவரச் சொன்னார். எங்கள் பெருமையே அன்று மாமாவின் உயிருக்கு உலை வைத்திருந்தது.

மூளையின் தராசு

நம் மூளையை ஒரு தராசு என்று கொள்வோம். ஒரு தட்டில் நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருள்கள். மற்றொரு தட்டில் அடக்கும் வேதிப்பொருள்கள். தூண்டுவனவற்றுள் முதன்மையானது குளூட்டமேட். அடக்குவனவற்றுள் முதன்மையானது காபா. இரண்டும் ஈடாக நிற்கும் வரையில் நாம் தெளிவாக எண்ணுகிறோம், நடுங்காமல் எழுதுகிறோம், இரவில் உறங்குகிறோம்.

மது உள்ளே சென்றதும் காபாவின் வேலைக்குத் துணை நிற்கிறது. குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. அடக்கும் தட்டு தாழ்கிறது. தளர்ச்சியும் மயக்கமும் அதனால் வருவனவே. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் ஒரு பக்கம் எடை ஏறினால், தானும் மறுபக்கத்தில் எடை வைத்துத் தராசை நேர் செய்துகொள்கிறது. காபாவுக்குச் செவிசாய்க்கும் ஏற்பிகள் மந்தமாகின்றன. குளூட்டமேட்டின் ஏற்பிகள் கூர்மையாகின்றன. இதனால்தான் முன்பு ஒரு குவார்ட்டரில் கிடைத்த மயக்கத்துக்குப் பின்னர் இரண்டு குவார்ட்டர் தேவைப்படுகிறது.

இத்தகைய நிலையில் ஒரு நாள் மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மது வைத்திருந்த எடை நீங்கிவிட்டது. மூளை வைத்த எதிரெடை மட்டும் நிற்கிறது. தராசு மறுபக்கம் சாய்ந்து விழுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை முதல் நாளிலேயே தோன்றும். 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையே சிலருக்கு அறிவு குழம்பி, இல்லாத பூச்சியும் இல்லாத மனிதரும் கண்ணுக்குத் தெரிவர். இதை மருத்துவர்கள் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்பார்கள். நாம் நடுக்கச் சன்னி என்று சொல்லலாம். மருத்துவம் செய்யாவிட்டால் உயிரையே கொண்டுபோகக் கூடியது இது. பென்சோடயசெபைன் வகை மருந்தை மருத்துவர் அளவறிந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார். அந்த வைட்டமின் குறைந்தால் குடிப்பவரின் நினைவாற்றல் நிலையாகவே கெட்டுவிடக்கூடும்.

குடிப்பவர் எல்லார்க்கும் இத்தகைய துன்பம் நேர்வதில்லை. சிறிதளவு குடிப்பவர் மாலை போட்டவுடன் இன்னலின்றி நிறுத்திவிடுவார். காலையிலேயே குடித்தாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டவருக்கே ஆபத்து மிகுதி. 'சென்ற ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லையே, இந்த ஆண்டு மட்டும் ஏன்?' என்று நான் கேட்டேன். திடீரென்று நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும் ஆண்டுதோறும் நடந்தால், ஒவ்வொரு முறையும் மூளை முன்னிலும் எளிதில் பற்றிக்கொள்ளக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். ஈர விறகு உலர உலர, சிறு பொறியும் போதும் அல்லவா?

ஆகவே, நண்பர்களே, முதற் பாடம் இது. எந்த மூச்சுப் பயிற்சியும், எந்தத் தியானமும், எந்த விரதமும் இந்த முதல் வாரத்துக்கு மருந்து ஆகா. தராசு சாய்ந்து கிடக்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்க மருத்துவரின் கை வேண்டும்.

மூச்சு செய்வதும் செய்யாததும்

அந்த வாரம் கடந்த பின் நிகழ்வது வேறு கதை. மருந்து உடலைக் கரையேற்றிவிடுகிறது. ஆனால் கரையேறியவன் வெறுங்கையோடு நிற்கிறான். மனச்சோர்வு, எரிச்சல், உறக்கக் குறைவு ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும். மீண்டும் குடிக்கத் தூண்டுவன பெரும்பாலும் இவையே. இங்கேதான் மூச்சுக்கு வேலை இருக்கிறது.

இதை அளந்து பார்த்த ஓர் ஆராய்ச்சி நம் பெங்களூரிலேயே, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தாரால் நடத்தப்பெற்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதுவுக்கு அடிமைப்பட்ட 60 பேரை எடுத்துக்கொண்டனர். முதலில் ஒரு வாரம் எல்லாருக்கும் மருத்துவ முறைப்படி மது நீக்கம் செய்யப்பட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மருந்து, பின்னர்தான் மூச்சு. அதன்பின் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சுதர்சன கிரியை என்னும் தாள மூச்சுப் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் 2 வாரம் பயிற்றுவித்தனர். மறுபாதிக்கு அப்பயிற்சி இல்லை. மனச்சோர்வை வினாத்தாளாலும், இரத்தத்தில் உள்ள கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்களைச் சோதனையாலும் முன்னும் பின்னும் அளந்தனர்.

இரு குழுவினருக்கும் மனச்சோர்வு குறைந்தது, கார்ட்டிசாலும் குறைந்தது. ஆனால் மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு இரண்டும் கூடுதலாகக் குறைந்தன. அக்குழுவில், கார்ட்டிசால் குறைந்த அளவுக்குச் சோர்வும் குறைந்திருந்தது. கார்ட்டிசால் என்பது நெருக்கடி நேரத்தில் உடல் சுரக்கும் ஹார்மோன். ஆகவே மூச்சு வெறும் நம்பிக்கையை மட்டும் தரவில்லை. குருதியில் அளக்கத்தக்க ஒரு மாற்றத்தோடு சேர்ந்தே வந்தது.

இதனால் மூச்சுப் பயிற்சி குடியை நிறுத்திவிடும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அந்த ஆராய்ச்சி 2 வாரச் சோர்வையும் ஹார்மோனையும் அளந்தது. ஓராண்டு கழித்து யார் குடித்தார் என்பதை அளப்பது அதன் நோக்கம் அன்று. அறிவியல் படிக்கும் நாம் ஓர் ஆராய்ச்சி கேட்ட கேள்விக்கே அதன் விடையைப் பொருத்த வேண்டும்.

மூச்சு எங்ஙனம் வேலை செய்கிறது? மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது; வெளியே விடும்போது சற்றுத் தளர்கிறது. இந்தத் தளர்ச்சிக்குக் காரணம் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு. மூச்சு மெதுவாகவும், வெளிமூச்சு நீளமாகவும் இருந்தால் அந்நரம்பின் ஆட்சி ஓங்குகிறது. 2001இல் வெளிவந்த இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில், 23 பேர் கிறித்தவச் செபமாலைத் துதியையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லச் சொல்ல, அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறையாகக் குறைந்தது. இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு ஒத்து அசைந்தன. துதி எந்தச் சமயத்தது என்பது உடலுக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. நெடுமூச்சில் பலர் கூடி ஒரே தாளத்தில் சொல்லும் துதி எதற்கும் இவ்வியல்பு இருக்கக்கூடும்.

2007இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், யோகப் பயிற்சியில் பழகிய 8 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. வழியே ஆராய்ந்தபோது, 60 நிமிட ஆசனப் பயிற்சிக்குப் பின் காபாவின் அளவு 27 விழுக்காடு கூடியிருந்தது. மது கடனாகக் கொடுத்து வட்டியோடு பறித்துக்கொள்ளும் அதே காபா! எட்டுப் பேரைக் கொண்டு உலகத்துக்கே சட்டம் எழுதிவிட முடியாதுதான். ஆயினும் வழி தெரிகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் அதே அமெரிக்காவில், அபினி வகைப் போதைக்கு மெதடோன் மருத்துவம் பெற்றுவந்த சுமார் 60 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஹடயோகமும் மற்றொன்றுக்குக் குழுவாக அமர்ந்து பேசும் உளமருத்துவமும் அளித்தனர். இரு குழுவினரும் முன்னேறினர். யோகம் மற்றதை வென்றுவிடவில்லை. யோகம் குன்றிப்போனது என்பது இதன் பொருளன்று. மனிதரோடு மனிதர் கூடி அமர்ந்து பேசுவதற்கு யோகத்துக்கு நிகரான ஆற்றல் உண்டு என்பதே பொருள்.

நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒருசேர எண்ணியிருந்தனர் என்பதும் நினைக்கத்தக்கது. திருமூலர் தம் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமையைப் பாடுகிறார்; மூன்றாம் தந்திரத்தில் மூச்சை ஆளும் முறையைப் பாடுகிறார். விடச் சொன்னதோடு நில்லாமல், விட்ட இடத்தில் எதை வைப்பது என்பதையும் சொன்னவர் அவர்.

வேட்கை என்னும் அலை

குடியை விட்டவரைப் பெரிதும் வருத்துவது வேட்கை. சம்பள நாள், பழைய நண்பன், மதுக்கடையின் விளக்கு, பெயிண்டின் மணம் என எதுவும் அதைக் கிளப்பிவிடும். வேட்கை வந்துவிட்டால் குடித்தாலன்றி அது ஓயாது என்று குடிநோயாளர் நம்புகிறார். இந்த நம்பிக்கையே அவரை வீழ்த்துகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்து 2011இல் மறைந்த ஆலன் மார்லட் என்பவர், வேட்கையைக் கடலலைக்கு ஒப்பிட்டார். அலை எழும், உச்சிக்கு வரும், தானாகவே உடையும். அதை எதிர்த்து நின்றால் உருட்டிவிடும். அதன் மேல் மிதந்தால் கரையில் இறக்கிவிடும். இதையே பயிற்சியாக்கி, தியானத்தோடு இணைத்து, அவரும் அவருடைய மாணாக்கரும் ஒரு முறையை வகுத்தனர். அதன் செயல்முறை எளிதே.

முதலில், வேட்கை எழுந்ததும் ஓரிடத்தில் அமர்ந்துகொள்ள வேண்டும். அடுத்து, அது உடலில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்: தொண்டையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா, கைவிரலிலா? பிறகு, அதை ஏசாமலும் விரட்டாமலும், இறுக்கமா, வெப்பமா, துடிப்பா என்று பார்த்துக்கொண்டே மெல்ல மூச்சு விட வேண்டும். உச்சிக்கு ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் காண்பது போல் உள்ளத்தால் காண வேண்டும். ஒருமுறை அலை தானாக உடைந்ததைக் கண்டவருக்கு அடுத்த அலையிடம் அச்சம் பாதியாகக் குறையும்.

2014இல் வெளிவந்த ஆராய்ச்சியில், தொடக்க மருத்துவத்தை முடித்த 286 பேர் பங்கேற்றனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இத்தியான முறையைக் கற்றவர்கள், வழக்கமான பின்மருத்துவமோ பிற பயிற்சியோ பெற்றவர்களைக் காட்டிலும் குறைவான நாள்களே போதைப்பொருளை நாடியிருந்தனர். அளவுமீறிக் குடித்த நாள்களும் குறைவு. முதல் மாதங்களில் வேறுபாடு அவ்வளவாக இல்லை. ஓராண்டு சென்ற பின்னரே பயன் துலங்கிற்று. பயிற்சி என்பது விதை. அது காய்க்கப் பருவம் வேண்டும்.

உணர்வு மாறிய நிலைகள்

'மூச்சும் தியானமும் மெல்ல வேலை செய்கின்றன. ஒரே நாளில் மனிதனை உலுக்கி மாற்றிவிடும் அனுபவம் ஏதும் இல்லையா?' என்று கேட்கலாம். இக்கேள்வியையும் அறிவியலார் கேட்டிருக்கின்றனர்.

1950களில் கனடாவின் சஸ்காச்சவன் மாநிலத்தில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட், ஏப்ரம் ஹாபர் என்னும் இரு மருத்துவர்கள் குடிநோயாளருக்கு எல்.எஸ்.டி. என்னும் பொருளைக் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் தொடங்கிய காரணம் வியப்பானது. நடுக்கச் சன்னியில் விழுந்து எழுந்த சிலர் அஞ்சிக் குடியையே விட்டுவிடுவதை அறிந்து, அதைப் போன்ற ஓர் அச்சத்தைச் செயற்கையாக உண்டாக்க எண்ணினர். ஆனால் நோயாளர் பலர், தாம் பெற்றது அச்சமன்று, தம் வாழ்க்கையைப் பற்றிய ஒரு தெளிவு என்றே கூறினர். 2012இல், பழைய ஆராய்ச்சிகள் ஆறினைத் திரட்டி, 536 பேரின் கணக்கைப் பார்த்தனர். எல்.எஸ்.டி. பெற்றோரில் 59 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக் குழுவில் 38 விழுக்காட்டினரும் முன்னேறியிருந்தனர். ஆறு மாதம் வரை வேறுபாடு தெரிந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் அது மங்கிவிட்டது.

2022இல் அமெரிக்காவில் ஒருவகைக் காளானில் உள்ள சைலோசைபின் என்னும் பொருளை 12 வார உளமருத்துவத்தோடு இருமுறை கொடுத்து ஆராய்ந்தனர். அதைத் தொடர்ந்த 32 வாரங்களில் அளவுமீறிக் குடித்த நாள்கள் 9.7 விழுக்காடு, வேறு மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 23.6 விழுக்காடு. இங்கும் அப்பொருள் தனியே கொடுக்கப்படவில்லை. வாரந்தோறும் பக்கத்தில் அமர்ந்து வழிநடத்த ஆள் இருந்தார். இவ்விரு பொருள்களும் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை என்பதையும், ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியே இவற்றைத் தொடுவது நோய்க்கு மேல் நோயைத் தேடுவதாகும் என்பதையும் விடுதி நண்பர்கள் மறவாதிருப்பார்களாக!

இவற்றிலிருந்து நான் கற்றது ஒன்று. உணர்வு நிலை மாறுவது அரிதன்று. மது மாற்றும், காளான் மாற்றும், பஜனை மாற்றும், நோயும் மாற்றும். என் மாமா வலிப்பில் துடித்ததும் மாறிய நிலையே. நாங்கள் அதைச் சாமி என்று கும்பிட்டோம். மாறிய நிலை எவ்வளவு பெரியது என்பது கேள்வி அன்று. மாறிய நிலை கலைந்த மறுநாள் காலையில் அவன் கையைப் பிடிக்க எது இருக்கிறது என்பதே கேள்வி.

மாலையின் மறைபொருள்

இப்போது 42ஆம் நாளுக்கு வருவோம். மாலை போட்டவருக்கு 41 நாளும் என்னென்ன கிடைக்கின்றன? காலையும் மாலையும் குளியல் என்னும் ஒழுங்கு கிடைக்கிறது. உடலை அமைதிப்படுத்தும் துதி கிடைக்கிறது. மாலைப்பொழுதில், மதுக்கடைக்குப் போகும் அதே நேரத்தில், பஜனைக்குப் போக ஓர் இடம் கிடைக்கிறது. குடிக்காத நண்பர் கூட்டம் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'குடிகாரன்' என்ற பெயர் போய்ச் 'சாமி' என்ற பெயர் கிடைக்கிறது. மனைவி மதிக்கிறாள், பிள்ளை பக்கத்தில் வந்து அமர்கிறது.

42ஆம் நாள் மாலையைக் கழற்றும்போது இவை அத்தனையும் ஒரே நேரத்தில் கழன்று விழுகின்றன. ஒழுங்கு போயிற்று, துதி போயிற்று, கூட்டம் கலைந்தது, பெயரும் போயிற்று. பிறகு அவன் குடித்தால், 'கொழுப்பு' என்கிறோம். ஒருவனைக் கிணற்றிலிருந்து தூக்கும் கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு, விழுந்தவனைக் குறை கூறுவது போன்றது இது.

1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் இதை உணர்ந்திருந்தது. குடியை விட்டவர்கள் தமக்குள் கூடிப் பேசுவதை நிறுத்துவதே இல்லை. 'இன்று ஒரு நாள்' என்றே எண்ணுகிறார்கள். பெங்களூரிலும் அக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும், மருந்தோடு நில்லாமல் குடும்பத்தாரையும் சேர்த்தே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது.

கடையை மூடினால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். 1981 சூலையில் இதே பெங்களூரில் நச்சுச் சாராயம் 300க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. 2007 சூலை முதல் நாள் கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. மறு ஆண்டு மே மாதத்திலேயே கர்நாடக, தமிழக எல்லைப் பகுதியில் கள்ளச்சாராயம் 100க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடையைப் பூட்டலாம், சாய்ந்து கிடக்கும் தராசைப் பூட்ட முடியாது. 2019இல் நடுவண் அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் மருத்துவ உதவி பெறுகிறார். மற்ற 37 பேரும் நம் தெருவிலும் நம் வீட்டிலும் இருக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

நம் மன்றத்து நண்பர்களில் பலர் என்னைப் போலவே உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவர்கள். அல்லது ஊரில் ஒரு தந்தையையோ அண்ணனையோ எண்ணிக் கவலைப்படுபவர்கள். அவர்களுக்குச் சில சொல்வேன். நாள்தோறும் குடிப்பவரை, குறிப்பாகக் காலையில் குடிப்பவரை, 'இன்றே நிறுத்து' என்று சத்தியம் வாங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிம்ஹான்ஸில் இதற்கென்றே போதை மருத்துவ மையம் இருக்கிறது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம். 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று சுவரொட்டியில் விற்கும் மருந்தை வாங்காதீர்கள். டைசல்பிரம் போன்ற மருந்தை அறியாமல் உண்டு, மேலே மதுவையும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. முதல் வாரம் கடந்த பின்னர் மூச்சு, தியானம், பஜனை ஆகியவற்றுள் அவருக்கு எது உவப்போ அதைத் தொடரச் செய்யுங்கள். கூடவே நீங்களும் அமருங்கள். ஒருமுறை வழுக்கி விழுந்தால் எல்லாம் பாழ் என்று கைவிடாதீர்கள்.

என் மாமா வழுக்கி விழுந்தார். சித்திரையில் ஒரு நாள், கூலி வாங்கிய மாலையில் குடித்துவிட்டு வந்தார். முன்பெல்லாம் என்றால் அது ஒரு மாதம் நீண்டிருக்கும். அன்று அத்தை ஏசவில்லை. மறுநாள் காலையில் மூவருமாக மருத்துவரைப் பார்க்கப் போனோம். அதன்பின் இன்று வரையில் அவர் குடிக்கவில்லை. நாளைக்கு என்ன என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. மாலை 6 மணிக்கு, வேட்கை எழும் நேரத்தில், இருவரும் மொட்டை மாடியில் அமர்ந்து மூச்சை எண்ணுகிறோம். அவருக்குத் துணையாகத் தொடங்கியது. இப்போது தேர்வுக் காலத்தில் எனக்கும் துணையாக இருக்கிறது.

இந்தக் கார்த்திகையில் எங்கள் தெருக் குருசாமி ஒரு புதிய வழக்கம் கொண்டுவந்திருக்கிறார். மாலை போட வருபவரிடம் முதலில், "தினமும் குடிக்கிறீங்களா சாமி? காலையிலேயுமா?" என்று தனியே அழைத்துக் கேட்கிறார். ஆம் என்றால், "டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, மாலை எங்கேயும் போகாது" என்று அனுப்பிவைக்கிறார். சென்ற ஆண்டு கற்பூரம் ஏற்றியவர் அவரே. மலைக்குப் போய்வந்த பின்னும் சனிக்கிழமை தோறும் பஜனையைத் தொடர்வது என்றும் முடிவு செய்திருக்கிறார். மாலை கழன்றாலும் கூட்டம் கழலாது. தெருவும் அவர்களைச் 'சாமி' என்றே அழைக்கும்.

மருந்து முதல் வாரத்தைக் காக்கும். விரதம் 41 நாளைக் காக்கும். 42ஆம் நாளைக் காப்பது நம் கடமை.